சுகீமான் குடித்த மூன்று தம்ளர்

கிளாத்தேன் ஊரில் ஒரு தெருவுக்கே மருந்து காய்ச்சுகிறவள் வார்சினி. மஞ்சள்புளி, இஞ்சி, கச்சோலக் கஷாயம் கேட்டால் சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுப்பாள். நிலவேம்பு கேட்டால் மட்டும் போலீஸ்காரி ஆகிவிடுவாள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பிள்ளைத்தாச்சியா என்று குடைந்தெடுத்த பிறகுதான் இலையை நிறுத்துப் போடுவாள்.

அவள் புருஷன் சுகீமானுக்கு இது கட்டோடு பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்பில் சர்க்கரை, கையில் செல்போன். தினம் ஒரு கைப்பிடி நிலவேம்பு காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை ஓடியே போய்விடும் என்று செல்போனில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். சர்க்கரை மாத்திரையோடு அதைச் சேர்க்கவே கூடாது, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும் என்று வார்சினி பலமுறை சொல்லியிருந்தாள். பெண்டாட்டி சொன்னது என்பதாலேயே அவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருத் தலைவர் தேர்தல். சுகீமானும் கோழி வளர்க்கும் தோயிப்பும் போட்டியில் இருந்தார்கள். பலகாரம் எடுத்து வைக்க வார்சினி முன்னாலேயே தேர்தல் நடக்கும் கூடத்துக்குப் போய்விட்டாள். ஆள் இல்லாத வீட்டில் சுகீமான் கொல்லையில் இருந்த நிலவேம்புச் செடியை மொட்டையடித்து, அலுமினியக் கெட்டிலில் கொதிக்கவைத்து, மூன்று தம்ளர் குடித்தார். கசப்பில் காது அடைத்தது. மாத்திரையையும் போட்டுக்கொண்டார். மேடையில் ஏப்பம் வரக்கூடாது என்று காலைச் சோற்றைத் தொடவில்லை.

பேச எழுந்தபோது நன்றாகத்தான் இருந்தார். கொஞ்ச நேரத்தில் சட்டை தொப்பலாக நனைந்தது. கை வெடவெடத்தது. எழுதி வைத்திருந்த தாளைக் கீழே போட்டுவிட்டுத் தோயிப்பைப் பார்த்தார்.

"தோயிப் தங்கமான மனுஷன். ஆனா நம்ம சாக்கடை அடைக்கிறது அவர் கோழி இறகாலதான். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க. என்னைத் தலைவராக்குங்க, நானே உள்ள எறங்கி அள்ளுறேன்."

கூடம் அதிரக் கைதட்டினார்கள். இப்படியொரு உண்மையை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. அடுத்து அவர் கொடிக்கம்பத்தைப் பார்த்து, "வாங்க அத்தை, எப்ப வந்தீங்க?" என்றார். அதற்கும் சிலர் கைதட்டினார்கள்.

வார்சினி தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். கிழவர்கள் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். ஒருத்தர் தைலத்தோடு வந்தார். அவரை விலக்கிவிட்டுப் புருஷனை நாற்காலியில் உட்காரவைத்தாள். வாயில் நிலவேம்பு வாடை அடித்தது.

"எவ்வளவு குடிச்சீங்க?"

"கைப்பிடிதான்."

"எத்தன கைப்பிடி?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு, நான்கு கரண்டி சர்க்கரை கலந்த தேநீரை மெல்லப் புகட்டினாள். அவருக்கு ஆள் அடையாளம் தெரிய ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள். கைக்குக் கிடைத்தது தோயிப்புடைய மோட்டார் பைக்தான். தோயிப் ஓட்ட, வார்சினி பின்னால் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருக்கும் நடுவில் வேட்பாளர் நசுங்கிக்கொண்டு போனார்.

மாத்திரையின் வேகம் அடங்கும்வரை சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று சொல்லி நர்ஸ் எந்தாங் அவரை மறுநாள்வரை விடவில்லை. விரலில் குத்திக் குத்திப் பார்த்தாள்.

"ஏன் ஐயா, வீட்லயே விவரம் தெரிஞ்ச ஆள வச்சுக்கிட்டு செல்போன் பேச்சக் கேட்டீங்களா?" என்றாள். சுகீமான் குத்துவதற்கு அடுத்த விரலை நீட்டினார்.

அன்று சாயங்காலமே தேர்தல் சேதி வந்தது. சுகீமானுக்கு நாற்பத்தொரு ஓட்டு, தோயிப்புக்குப் பதினேழு. அவருக்குத் தான் பேசியதில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்தார். சாக்கடையில் இறங்குவதாக வாக்குக் கொடுத்த விஷயத்தை வார்சினிதான் நிறுத்தி நிதானமாக எடுத்துச் சொன்னாள்.

"நெசமாவா சொன்னேன்?"

"தெருவே கேட்டுச்சு. மண்வெட்டிய தோயிப் தர்றாராம்."

சுகீமான் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார்.