ஒளிர்ந்துவிட்ட வெறும் தண்ணீர்

ஓர் ஆய்வுக்கூடத்தில் அண்ணியும் நாத்தனாரும் ஒரே மேசையில் வேலை பார்த்தார்கள். சண்டை வரவில்லையா என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. வந்தது, ஆனால் கண்ணாடிச் சாமான் எதுவும் உடையவில்லை.

அண்ணி ஒரு சாயம் செய்திருந்தாள். தண்ணீரில் துளியூண்டு துத்தநாகம் கரைந்திருந்தாலும் போதும், புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும். இல்லையென்றால் கம்மென்று இருட்டாகக் கிடக்கும். துத்தநாக முலாம் பூசும் பட்டறைக் கழிவு ஆற்றில் கலக்கிறதா என்று கரையில் நின்றபடியே பார்த்துவிடலாம். மதியம் ஆய்வுக்கூடத் தலைவர் பார்க்க வருகிறார். சாயம் பொய் சொன்னால், மேசை அடுத்த குழுவுக்குப் போய்விடும்.

காலையில் ஒத்திகை. திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டார்கள். துத்தநாகம் கரைத்த தண்ணீரில் சாயம் விட்ட சோதனைக்குழாய் பளீரென்று பச்சை! அண்ணி துள்ளினாள். பக்கத்தில் வெறும் தண்ணீரில் சாயம் விட்ட குழாய். அதுவும் பச்சை!

“ஐயையோ, நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சே!”

தண்ணீரை மாற்றினார்கள். பச்சை. குழாயை மாற்றினார்கள். அப்போதும் பச்சை.

“அண்ணி, இது சாயமா, கடைத்தெரு விளக்கா? எதுல ஊத்தினாலும் எரியுது!”

“வாயை மூடு, வாலு. ஒங்கண்ணன் வேற போன் மேல போன் போட்டு, ‘என்னாச்சு, என்னாச்சு’ன்னு உயிரை வாங்குறாரு.”

“சரி, நேத்துக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம்? யோசிச்சு சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல. நேத்து மூடி போட்ட சீசா. இன்னிக்கு தலைவர் கண்ணுக்கு நல்லாத் தெரியட்டுமேன்னு நீளக் குழாய்.”

“அதுக்கு மூடி?”

“அதுக்கு ஏது மூடி? கட்டைவிரலால பொத்தி...”

அண்ணி கையைத் தூக்கினாள். தன் ரப்பர் கையுறையைப் பார்த்தாள். குழாய் வாயைக் கட்டைவிரலால் பொத்திக் கவிழ்த்துக் கலக்குவது அங்கே எல்லாருக்கும் பழக்கம். ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாகம் சேர்ப்பார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டு யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நாத்தனார் புதுக் குழாயில் தண்ணீரும் சாயமும் ஊற்றி, வாயைச் சுத்தமான பிளாஸ்டிக் தாளால் மூடிக் கவிழ்த்தாள். விளக்கடியில் பிடித்தாள். இருட்டு. கும்மிருட்டு!

“பொய் சொல்லலடி! கையுறையில இருந்ததையே காட்டிக் குடுத்திருக்கு!”

அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு சுற்றிய சுற்றில் முக்காலி உருண்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்த தலைவர் வாசலில் நின்றார்.

“என்னம்மா, இப்பவே மேசையைக் காலி பண்றீங்களா?”

“சார், முதல்ல இதை மாட்டுங்க.” அண்ணி புதுக் கையுறையை நீட்டினாள். “இது வெறும் தண்ணியும் சாயமும். இருட்டா இருக்கா? இப்ப பொத்திக் கவுருங்க.”

பொத்தினார். கவிழ்த்தார். குழாய் முழுக்கப் பச்சை பரவியது.

“அட!” என்றார். இன்னொரு குழாய் கேட்டார். அப்புறம் இன்னொன்று. அந்நேரம் அடுத்த குழுவின் ஆள் மேசையை அளக்க டேப்போடு எட்டிப் பார்த்தார்.

“உங்களுக்கு வேற இடம் பாருங்கப்பா,” என்றார் தலைவர், திரும்பாமலே. “ஏம்மா, திரையை நல்லா இழுத்துவிடு, வெளிச்சம் வருது. என் செருப்பு வார்கூட ரப்பர்தான், போட்டுப் பாப்போமா?”