கன்னியப்பன் குழந்தைக்குக் கண் ஆபரேஷன்

கார்குழலி தன்னோட அப்பாவக் கொன்னது ஒரு வியாழக்கிழம, காலையில பத்தே முக்கால் மணிக்கு. கொன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டா. அவளச் சொல்லிக் குத்தமில்ல. அவ வேலையே அதுதான்.

வேல இன்னதுன்னு மொதல்ல சொல்லிடறேன், இல்லன்னா யாரோ கொலைகாரின்னு நெனச்சுக்குவீங்க. ரெட்டியார்பாளையத்துல டயர் கடைக்கு மாடியில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. மொத்தம் பதினோரு பேரு, ஒரு ஏசி. மூலக்குளம் பக்கம் இருக்கற ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எல்லாமே இவங்கதான் செஞ்சு குடுத்தாங்க. சீட்டு போட ஒண்ணு, டாக்டருக்கு ஒண்ணு, ரத்தம் பாக்கற எடத்துக்கு ஒண்ணு, மருந்துக் கடைக்கு ஒண்ணு. தனித்தனியா பாத்தா எல்லாமே தங்கம். ஒண்ணோட ஒண்ணு பேச வுட்டாத்தான் மாமியா மருமக கத. அதனால சின்னதா ஒரு மாத்தம் செஞ்சாகூட அது நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட முடியாது. பைப்லைன்னு ஒரு வழி வெச்சிருக்காங்க, அதுல வரிசையா டெஸ்ட் இருக்கும். ஒரு பொய் நோயாளி உள்ள போயி, சீட்டு வாங்கி, ஊசி போட்டுக்கிட்டு, மருந்து வாங்கிக்கிட்டு, ஒழுங்கா வெளிய வந்தாத்தான் பச்சை விழும். எங்கயாவது சிக்கினா சிவப்பு. சிவப்பு விழுந்துட்டா யாரு வந்து கெஞ்சினாலும் அந்த மாத்தம் போகாது. இந்த டெஸ்டுங்கள எழுதறவதான் கார்குழலி.

பொய் நோயாளிக்குப் பொய்ப் பேரு வெச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. வெக்க முடியாது. ஆதார் நம்பர் நெசமா இருக்கணும், போன்ல மெசேஜ் போயிச் சேரணும், இல்லன்னா சீட்டே விழாது. டெஸ்டுக்குன்னு தனியா ஒரு சிஸ்டம் வேணும்னு மேனேஜர் ஜானகிராமன்கிட்ட அவ எழுதியே குடுத்தா. "ஒரு வீட்டுக்கு எதுக்கும்மா ரெண்டு அடுப்பு? ஆஸ்பத்திரி சிஸ்டத்துலயே ஓட்டிட்டு, முடிஞ்சதும் தொடச்சு வுட்டுடு"ன்னுட்டாரு. அதனால ஆபீஸ்ல ஆளாளுக்கு வீட்டு மனுசங்களக் குடுத்தாங்க. எழிலரசன் தன் மாமியாரக் குடுத்து, தெனம் ரெண்டு தடவ ஐசியூவுல சேத்தான். அதுல அவனுக்கு ஒரு நிம்மதி. கார்குழலி அப்பாவக் குடுத்தா. அம்மா போனதுக்கப்புறம் அவ வீட்ல இருக்கறதே ரெண்டு பேருதான்.

அப்பா கன்னியப்பன், மில்லு மூடினதுலேர்ந்து ஒரு அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேன். ரெண்டு கண்ணுலயும் புரை. போன்ல வர்ற மெசேஜ எதிர்வீட்டு கண்ணையன்கிட்ட குடுத்துத்தான் படிக்கச் சொல்லணும். கண்ணையன் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்த சொல்தா. எதையும் உத்தரவு போடற மாதிரிதான் படிப்பாரு. "கன்னியப்பா, உன்ன அட்மிட் பண்ணியாச்சாம்." "கன்னியப்பா, உனக்கு சர்க்கர இல்லியாம்." மூணு மாசத்துக்கு முந்தி பிரசவ டெஸ்ட் ஓடின அன்னைக்குத் தெருவே கேக்கற மாதிரி படிச்சாரு: "கன்னியப்பன் அவர்களே, வாழ்த்துகள். உங்களுக்குப் பெண் குழந்தை பிறந்துள்ளது. தாயும் சேயும் நலம்." ஆம்பளைக்குப் பிரசவம் பாக்குதே, இது தப்பாச்சேன்னு கார்குழலி எழுதி வெச்சா. "யாரு வந்து பெத்துக்கப் போறான், மெதுவா பாத்துக்கலாம்"னு ஜானகிராமன் தள்ளி வுட்டுட்டாரு.

இப்ப வியாழக்கிழமைக்கு வருவோம். செத்தவங்க சீட்டுல யாரோ மருந்து வாங்கறாங்க, அதத் தடுக்கணும், அதுக்குன்னு தனியா ஒரு டெஸ்டும் வேணும்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. கார்குழலி அம்சமா எழுதினா. அப்பா சேர்றாரு, சாவறாரு, செத்தப்புறம் வந்து சீட்டு கேக்கறாரு. குடுக்கக் கூடாது, எழுப்பவும் கூடாது. ஓட்டினா, பச்சை விழுந்துச்சு. அப்பா டூட்டியில இருந்ததால போன்ல வந்த மெசேஜப் படிச்சுச் சொல்ல ஆளில்ல. ஆஸ்பத்திரியிலேர்ந்து பாராட்டி மெயில் வந்துச்சு. ஆனா பாருங்க, அந்த சிஸ்டத்துல எந்தப் பதிவ வேணும்னாலும் தொடைக்கலாம், பொறப்பையும் சாவையும் மட்டும் தொடைக்க முடியாது. சட்டம் அப்படி. அத அவ கவனிக்கல.

சனிக்கிழம காலையில அப்பாவ அழைச்சுக்கிட்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனா. திங்கக்கிழம எடது கண்ணுல ஆபரேஷன், அதுக்கு முன்னாடியே டோக்கன் வாங்கணும். நாலு மாசம் காத்துக் கெடந்து கெடச்ச தேதி. அளவெடுத்து லென்ஸும் வந்தாச்சு. "புரை நல்லா முத்திப் போச்சு, இதுக்கு மேல தள்ளினா கண்ணு போயிடும்"னு டாக்டர் நேருக்கு நேரா சொல்லியிருந்தாரு.

சீட்டு போடற பொண்ணு நம்பரத் தட்டிட்டு நிமிந்து பாத்தா.

"சார், நீங்க எறந்துட்டீங்க."

"யாரு?"

"நீங்கதான் சார். வியாழக்கிழம பத்தே முக்காலுக்கு."

"அன்னைக்கு எனக்குப் பகல் டூட்டியாச்சே!"

"அதெல்லாம் தெரியாது சார். எறந்தவங்களுக்கு டோக்கன் வராது. புதுசா கட்டுப்பாடு போட்டிருக்காங்க, ரொம்ப நல்லா வேல செய்யுது."

கார்குழலிக்கு அப்பத்தான் ஒறச்சுது. ஐயோ, நான் எழுதினதாச்சே! அப்பாவ வீட்டுக்கு ஆட்டோ ஏத்தி வுட்டுட்டு ஆபீசுக்கு ஓடினா.

செத்தவர எழுப்பற மாதிரி ஒரு மாத்தம் எழுதி பைப்லைன்ல வுட்டா. சிவப்பு. எதுல சிக்குச்சுன்னு பாத்தா, அவ டெஸ்ட்டுலயேதான். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்வாங்களே, அந்தக் கத. வேற விதமா எழுதினா. சிவப்பு. சுத்தி வளச்சு எழுதினா. அதுவும் சிவப்பு. இதுல கொடும என்னன்னா, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்த டெஸ்ட் அப்பாவ மறுபடி சாவடிச்சுட்டுத்தான் ஆரம்பிக்கும். சாயங்காலத்துக்குள்ள கன்னியப்பன் ஏழு தடவ செத்தாரு. ஏழு அனுதாபச் செய்தியையும் படிச்சு கண்ணையனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. "நான் உசுரோட இருக்கேன்னு பென்ஷனுக்காக வருசா வருசம் பிரான்சுக்கு எழுதிப் போடறேன். நீயும் ஒரு கடுதாசி போட்டுப் பாரேன்"னு யோசன சொன்னாரு.

கார்குழலி மேனேஜர் முன்னாடி போயி நின்னா.

"சார், அந்த ஒரு டெஸ்ட்ட மட்டும் எடுத்துடலாம் சார். எங்கப்பாவுக்குக் கண்ணு போயிடும்."

"எப்படிம்மா எடுக்கறது? அதுக்குத்தானே பாராட்டே வந்திருக்கு. எடுக்கணும்னா ஆஸ்பத்திரி கமிட்டி கையெழுத்துப் போடணும். கமிட்டி அடுத்த மாசந்தான் கூடுது."

"அதுவரைக்கும் என்ன சார் பண்றது?"

"அதுவரைக்கும் அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாமப் பாத்துக்க."

மனுசனா இவரு? கார்குழலிக்கு வந்த ஆத்தரத்துக்கு அவரோட பேரையும் ஒரு தடவ சாவுக் கணக்குல ஏத்தி வுட்டிருப்பா. கைய அடக்கிக்கிட்டு வந்துட்டா. ஞாயித்துக்கிழம பூரா சாப்பிடல. கன்னியப்பன்தான் தடவித் தடவி ரசம் வெச்சு, "செத்தவன் நானே சாப்பிடறேன், உனக்கென்ன"ன்னு தட்டத் தள்ளி வெச்சாரு.

திங்கக்கிழம விடிஞ்சதும் அப்பாவ இழுத்துக்கிட்டு நேரா கண் வார்டுக்குப் போனா. அங்க பொறுப்பு ஜெயம் சிஸ்டர். இருவது வருசமா டாக்டருங்களையே மெரட்டி வேல வாங்கற ஆளு. நடந்தத எல்லாம் காது குடுத்துக் கேட்டாங்க.

"டோக்கன் இல்லாம ஸ்டோர்ல லென்ஸ் தர மாட்டான்"னாங்க. "இவரு நம்பர்ல உசுரோட வேற யாராவது இருக்காங்களா?"

கார்குழலி தயங்கித் தயங்கிச் சொன்னா. "ஒரு... கொழந்த இருக்குது சிஸ்டர்."

ஜெயம் தட்டிப் பாத்தாங்க. இருந்துச்சு. கன்னியப்பன் குழந்தை. பெண். வயசு மூணு மாசம் பதினோரு நாள். உயிருடன்.

"அப்புறம் என்ன? டாக்டர் கண்ணத்தான் பாப்பாரு, பேரையா பாக்கப் போறாரு?"

டாக்டரும் பெரிய டார்ச்ச அடிச்சுப் பாத்துட்டு, "அதே கண்ணு, அதே லென்ஸ். மருந்து அளவ நான் ஆளப் பாத்துப் போட்டுக்கறேன்"னுட்டாரு. ஆனா சிஸ்டம் லேசுல வுடல. எடை அறுபத்திநாலுன்னு போட்டா கொழந்தைக்கு அதிகம்னுச்சு. ஆறு புள்ளி நாலுன்னு போட்டாங்க. போலியோ சொட்டு மருந்து குடுக்காம ஆபரேஷன் தியேட்டர் கெடையாதுன்னுச்சு. கன்னியப்பன் வாயத் தொறந்தாரு, ஜெயம் ரெண்டு சொட்டு வுட்டாங்க. கையில கட்டற ரோஸ் கலர் பட்டை மணிக்கட்டுக்கு எட்டல. கட்ட வெரல்ல சுத்தி வுட்டாங்க. காலையில இட்டிலி கேட்டாரு, பால் புட்டி வந்துச்சு. "நல்ல உபசரிப்பு"ன்னு அதையும் குடிச்சு முடிச்சாரு.

கடைசியா ஒரு கட்டம். கொழந்தைக்குப் பொறுப்பா கையெழுத்துப் போடறது யாரு? தாய், தந்தைன்னு ரெண்டே பதில்தான் அதுல. கார்குழலி 'தாய்'ங்கறத அமுக்கினா. முப்பத்தோரு வயசுல அறுபத்தாறு வயசுப் பொண்ணு. அவளுக்குச் சிரிப்பு வரல. உள்ள போற அப்பா அவ கைய வுடாமப் புடிச்சுக்கிட்டிருந்தாரு. "பயப்படாதப்பா, வெளியவே இருக்கேன்"னா.

டோக்கன் பச்சையா விழுந்துச்சு. கதவு தொறந்துச்சு. முக்கா மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு.

செவ்வாக்கிழம காலையில ஜெயம் வந்து கட்டப் பிரிச்சாங்க. சொட்டு வுட்டு, பஞ்சால தொடச்சு, "மெள்ளத் தொற"ன்னாங்க. கன்னியப்பன் தொறந்தாரு. ஃபேனப் பாத்தாரு. காலண்டர்ல தேதியப் பாத்து வாய்க்குள்ள படிச்சாரு. அப்புறம் மகளப் பாத்தாரு.

"எப்பம்மா உனக்கு நரைச்சுது?"

கார்குழலியோட கை தன்னால காதோரத்துக்குப் போச்சு.

"ரெண்டு வருசம் ஆவுதுப்பா."

"நீ ஒரு வார்த்த சொல்லலியே"ன்னாரு.

அவ மொகத்தத் திருப்பிக்கப் பாத்தா.

"இரு, திரும்பாத"ன்னாரு கன்னியப்பன். "பாத்துக்கறேன்."