சின்னத்துரை தின்ற மலர்வளையம்

மலாயாவில் செமோருக்கு மேற்கே சில மைல் தள்ளி இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் சின்னத்துரை என்று ஒருவர் கிடையாது. பெரிய தோட்டங்களில் மானேஜர் துரைக்குத் துணையாக ஒரு வெள்ளைக்கார இளவட்டம் இருப்பான். தொப்பியைப் போட்டுக்கொண்டு, தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக்குள் நுழைந்து சட்டி பானையை எல்லாம் எட்டிப் பார்ப்பான். இந்தத் தோட்டத்துக்கு அந்த வசதி இல்லை. அந்தக் குறையைக் காளியம்மாவின் வெள்ளைக் கிடா தீர்த்துவைத்தது. அதுவும் யார் வீடு என்று பார்க்காமல் நுழையும், பானைக்குள் தலையை விடும், விரட்டினால் நின்று முறைக்கும். அதனால் ஆட்டுக்குச் சின்னத்துரை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

காளியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. கிடாவுக்குக் கழுத்தில் மணி கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து வளர்த்தாள். அவள் புருஷன் ஐயாவு ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து, ஆடு தின்று முடித்த பிறகுதான் தனக்குச் சோறு கிடைக்கும் என்று தெரிந்து, பேசாமல் வாசலில் உட்கார்ந்திருப்பான்.

1924ஆம் வருஷத் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு நல்லம்மாள் ஈப்போவுக்குப் போய் ஒரு சேலை எடுத்து வந்தாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. ஒரே ஒரு நாள் உடுத்தினாள். மறுநாள் அலசிக் கொடியில் போட்டாள். மாலையில் போய்ப் பார்த்தால் முந்தானையில் ஒரு முழம் இல்லை. கொடிக்குக் கீழே சின்னத்துரை கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அன்று தொடங்கிய சண்டை ஓயவில்லை. விடியற்காலையில் தண்ணீர்க் குழாயடியில் ஆரம்பிக்கும், பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது கொஞ்சம் அடங்கும், பால் நிறுக்கும் இடத்தில் மறுபடி மூளும். நல்லம்மாள் சேலையைப் பற்றிப் பேசுவாள். காளியம்மா நல்லம்மாளின் ஏழு தலைமுறையைப் பற்றிப் பேசுவாள். லயத்து ஜனங்களுக்கு வேறு பொழுதுபோக்கு எதுவும் இல்லாததால் யாரும் குறுக்கே போய் விலக்கவும் இல்லை.

இப்படியிருக்கையில் நவம்பர் பத்தாம் தேதி சாயங்காலம் கிராணி இராஜசிங்கம் குடையும் கையுமாக லயத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸ் வேலையெல்லாம் அவர் பொறுப்பு. தூறலில் நனைந்த சப்பாத்தைத் தட்டிவிட்டு, நேராகக் காளியம்மாவின் வாசலுக்கே போனார்.

"காளியம்மா, உனக்குத்தான் முதல்ல சொல்லுறன். நாளைக்குப் பதினொரு மணிக்கு எல்லாரும் ஆபீஸுக்கு முன்னால வந்து நிக்கவேணும். மணி அடிச்ச உடன ரெண்டு நிமிஷம் ஒருத்தரும் கதைக்கப்படாது. அசையவும் படாது."

"ஏன் கிராணி ஐயா, யாரு செத்தா?"

"ஒருத்தரும் இப்ப சாகேல்ல. பெரிய யுத்தம் முடிஞ்ச நாள். பதினோராம் மாசம், பதினோராம் தேதி, பதினொரு மணிக்கு முடிஞ்சது. ராச்சியம் முழுக்க அந்த நேரம் மௌனமா நிப்பினம்."

"சண்ட முடிஞ்சா வெடி இல்ல போடணும். வாய மூடிக்கிட்டு நின்னா எப்புடி?"

கிராணி குடையை மடக்கினார். குரலைத் தாழ்த்தினார். "துரையின்ர தம்பி அந்தச் சண்டையிலதான் செத்தவன். பத்தொன்பது வயசு."

காளியம்மா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். பிறகு, "அப்ப ரெண்டு நிமிஷம் பத்தாதே ஐயா," என்றாள். "நம்மூட்ல எழவுன்னா பதினாறு நாளு ஆவுது."

"ரெண்டு நிமிஷம் நீ இருந்து காட்டு, அது போதும்," என்று சொல்லிவிட்டுக் கிராணி நல்லம்மாளின் வாசலுக்குப் போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பாலைச் சீக்கிரமே ஸ்டோரில் கொடுத்துவிட்டு, கைகால் கழுவி, எல்லோரும் ஆபீஸுக்கு முன்னால் கூடினார்கள். கொடிக்கம்பத்தின் அடியில் வெள்ளைத்துணி விரித்த ஒரு மேசை. அதன்மேல் ஈப்போவிலிருந்து ரயிலில் வந்த மலர்வளையம். பச்சை இலைகளும் வெள்ளைப் பூக்களும் சுற்றிக் கட்டி, நடுநடுவே சிவப்புக் காகிதப் பூக்கள் செருகியிருந்தார்கள். துரை கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வியர்வையில் நின்றார். அவரை அந்தக் கோலத்தில் யாரும் பார்த்ததில்லை.

காளியம்மாவும் நல்லம்மாளும் கூட்டத்துக்குள் எங்கே இருந்தாலும் ஆபத்து என்று கிராணி இருவரையும் தன் கண்முன்னே, முதல் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார். அவர் செய்த தவறு அது. நல்லம்மாள் வேண்டுமென்றே அந்த மாம்பழ நிறச் சேலையைத்தான் கட்டி வந்திருந்தாள். கடிபட்ட முந்தானையைக் காளியம்மாவின் பக்கமாகத் தொங்கவிட்டிருந்தாள்.

"பாத்துக்க நல்லா," என்றாள் நல்லம்மாள், உதட்டை அசைக்காமல். "ஒன் ஊட்டு ஆட்டுக்கு இருக்குற ரோசம் ஒனக்கு இருந்தா, இந்நேரம் ஒரு சேல எடுத்துக் குடுத்திருப்ப."

இதற்குப் பதிலாகக் காளியம்மா ஒன்று யோசித்து வைத்திருந்தாள். நல்லம்மாளின் மாமியார் சம்பந்தப்பட்டது. அதைச் சொல்லத்தான் மூச்சை இழுத்தாள். அந்த நேரம் பார்த்து, கட்டித் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டில் கங்காணி பத்துமலை ஓங்கி ஒரு அடி அடித்தான்.

சொல் காளியம்மாவின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஸ்டோரில் எந்திரம் நின்றது. துரை தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். கிராணி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கல்லாய் நின்றார். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது காளியம்மாவுக்குக் கேட்டது. எங்கோ ஒரு குழந்தைக்கு விக்கல். அதற்கும் அப்பால் ஓடை ஓடுவது கேட்டது. இத்தனை வருஷமாக இங்கே ஓடை இருக்கிறது என்று தெரியும், அதற்குச் சத்தம் உண்டு என்பது தெரியாது. அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் எப்படி இருந்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். துரையின் மூக்கை வைத்து, மீசையை எடுத்துவிட்டு, ஒரு முகம் செய்து பார்த்தாள். பாவமாக இருந்தது.

அப்போதுதான் அந்த மணி கேட்டது. கிணிங், கிணிங்.

அது எந்த மணி என்று காளியம்மாவுக்குத் தெரியும். கட்டிப்போட்டு வா என்று ஐயாவுவிடம் சொல்லியிருந்தாள். ஐயாவு கட்டிய கட்டு எப்போதுமே அப்படித்தான். ஆபீஸ் படிக்கட்டுக்குப் பின்னாலிருந்து சின்னத்துரை வந்தது. அவசரமே இல்லை. கூட்டத்தை ஒரு முறை பார்த்தது. துரையை ஒரு முறை பார்த்தது. இத்தனை பேர் நின்றும் ஒருவரும் விரட்டவில்லை என்பது அதற்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். பிறகு மேசைமேல் முன்னங்கால் இரண்டையும் தூக்கிவைத்து, வளையத்தின் ஓரத்துப் பச்சையை ஒரு வாய் இழுத்தது.

காளியம்மா கண்ணை உருட்டினாள். பல்லைக் கடித்தாள். கால் கட்டைவிரலால் மண்ணைச் சுரண்டிப் பார்த்தாள். ஆடு வெள்ளைப் பூவுக்குப் போனது. அதிலிருந்து சிவப்புக் காகிதப் பூவுக்குப் போனது. அது பிடித்துவிட்டது போலிருக்கிறது. ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தின்ன ஆரம்பித்தது. துரையின் கழுத்துச் சிவந்தது, பிறகு காது சிவந்தது. ஆனாலும் அவர் அசையவில்லை. அசையக்கூடாது என்று சொன்னவரே அவர்தானே.

பக்கத்தில் நல்லம்மாளின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் காளியம்மா முதலில் நினைத்தாள். ஓரக்கண்ணால் பார்த்தால், நல்லம்மாள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. சிரிப்பு. அதைப் பார்த்த மாத்திரத்தில் காளியம்மாவுக்கும் பிடித்துக்கொண்டது. விலா நொந்தது. மூக்கால் ஒரு சத்தம் வரப் பார்த்தது. நல்லம்மாள் கீழேயே கையை நீட்டி, அவள் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்து அழுத்தினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, துரையின் தம்பியை நினைத்து, பல்லைக் கடித்து, எப்படியோ தாக்குப்பிடித்தார்கள்.

தண்டவாளம் மறுபடி ஒலித்தது. துரை தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"இந்த ஆடு யார் ஆடு?" என்றார் தமிழில்.

யாரும் பேசவில்லை. இரண்டு நிமிஷம் கேட்ட துரைக்குத் தோட்டம் அன்று தாராளமாகவே கொடுத்தது. துரை கிராணியைப் பார்த்தார். கிராணிக்கு நன்றாகத் தெரியும். அவருடைய வெள்ளை வேட்டி ஒன்றையும் அது ருசி பார்த்திருக்கிறது. அவர் இருமினார். காளியம்மா ஒப்புக்கொண்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அது முனியாண்டிக்கு நேந்துவிட்ட கெடா, தொரை," என்றாள் நல்லம்மாள். "சாமி ஆடு. மனுசங்க யாருக்கும் சொந்தமில்ல."

துரை புதிதாக வந்த காலத்தில், முனியாண்டி குடியிருக்கும் மரத்தை வெட்டச் சொல்லிவிட்டு ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தவர். அன்றிலிருந்து முனியாண்டி விஷயத்தில் வாய் திறப்பதில்லை. இப்போதும் திறக்கவில்லை. ஆட்டைப் பார்த்தார். அதன் தாடியில் ஒரு சிவப்புக் காகித இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. கிராணியிடம் இங்கிலீஷில் தணிந்த குரலில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் பங்களாவை நோக்கி நடந்தார்.

எல்லோரும் கிராணியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தம்பி இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பானாம்," என்றார் கிராணி. "இண்டைக்கு வேலை போதுமாம். போகட்டாம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் காளியம்மாவுக்கு விஷயம் உறைத்தது.

"ஏன்டி, என் ஆட்ட நேந்துவிட நீ யாருடி?"

"ஒன்னக் காப்பாத்தத்தான்டி சொன்னேன்."

"நாலு பேரு முன்னால, செவ்வாக்கெழம, சாமி பேரச் சொல்லிட்டியே. இனிமே மாத்த முடியுமா?"

முடியாது என்று சொல்ல அன்று மாலையே பூசாரி ராமையா வந்துவிட்டான். மற்ற நாளில் அவனும் பால்வெட்டுக்காரன்தான். கையில் மஞ்சள் தண்ணீரும் ஒரு செம்பருத்தி மாலையும் கொண்டுவந்தான். மாலையைக் கிடாவின் கழுத்தில் போட்டான். கிடா அதைத் தின்றது. "ஆடித் திருவிழாவுக்கு ஆச்சு," என்று அதன் முதுகைத் தடவிப் பார்த்தான். தடவிய விதமே காளியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அதுவரைக்கும் நல்லா தீனி போடு அக்கா. தல பூசாரிக்கு."

காளியம்மா உள்ளே போய்ப் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டாள். ஐயாவு அடுப்பைப் பற்றவைத்தான், பிறகு அணைத்தான். அடுத்த வீட்டில் நல்லம்மாள் இதையெல்லாம் தடுப்புப் பலகை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ராமையா படியிறங்கும்போது அவள் வெளியே வந்து வழிமறித்தாள்.

"ஆடின்னு யாரு சொன்னா அண்ணே? என்ன வேண்டுதல்னு நீங்க கேக்கவே இல்லயே."

"என்ன வேண்டுதல்?"

"எனக்கு ஆம்பளப் புள்ள பொறந்தா வெட்டுறேன்னு வேண்டியிருக்கேன். பொறக்கலன்னா சாமிக்கு என்ன கடன்? அது பாட்டுக்கு மேயட்டும்."

நல்லம்மாளுக்கு மூன்றும் பெண். ராமையா திரும்பி, திண்டில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் சீனியைப் பார்த்தான். சீனி தலையைச் சொறிந்தான். ராமையா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நடையைக் கட்டினான்.

சேலையைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை. காளியம்மா நல்லம்மாளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தாள். இப்படி ஒரு மாதம்கூடப் போகவில்லை. ஒருநாள் குழாயடியில் நல்லம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். வேண்டுதலை வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கே அவளுக்கு நாள் தள்ளித்தான் போயிருந்தது. பதற்றத்தில் அவள் கணக்குப் பார்த்திருக்கவில்லை.

தோட்டம் இரண்டாகப் பிரிந்துகொண்டது. சீனி முனியாண்டியிடம் போய் மகன் கேட்டான். ராமையா தினமும் ஒரு கட்டுப் பலா இலை கொண்டுவந்து கிடாவுக்குப் போட்டான். காளியம்மா செவ்வாய்க்கிழமை தோறும் விரதம் இருந்து, மாரியம்மனிடம் பெண் பிள்ளை கேட்டாள். அடுத்தவள் வயிற்றில் நாலாவதும் பெண்ணாகப் பிறக்கவேண்டும் என்று கேட்பது பாவமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அதற்கும் சேர்த்து அம்மனிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஆம்பளப் புள்ளயும் வேணும், ஒன் ஆடும் இருக்கணும்," என்றாள் நல்லம்மாள் ஒருநாள். "நடுவுல நான் என்னடி செய்வேன்?"

"நீ ஒன்னும் செய்யாத. சும்மா படு," என்று காளியம்மா அவள் காலைப் பிடித்துவிட்டாள்.

மே மாதம் இருபத்துநாலாம் தேதி வந்தது. அதுவும் ஒரு பெரிய நாள் என்று கிராணி முன்கூட்டியே சொல்லியிருந்தார். இறந்துபோன பழைய மகாராணியின் பிறந்தநாள். ராச்சியம் முழுக்கக் கொண்டாட வேண்டும். இந்தத் தடவை வாய் பேசலாம், கத்தலாம், சாக்குக்குள் காலை விட்டு ஓடலாம். களத்தில் கொடி கட்டி, பிள்ளைகளுக்கு ரொட்டியும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நல்லம்மாளுக்கு வலி எடுத்தது.

மருத்துவச்சி கருப்பம்மாள் உள்ளே போனாள். கூடக் காளியம்மாவும் போனாள். வெளியே சீனியும் ராமையாவும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். களத்தில் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். வெயில் சாயும் நேரத்தில் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

கருப்பம்மாள் குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் காளியம்மாவின் கையில் கொடுத்தாள். காளியம்மா பார்த்தாள். பெண். சந்தோஷத்தில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்புறம் நல்லம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதைப் பார்த்தாள். வாய்க்கு வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

"ஒனக்குச் சந்தோசந்தானே," என்றாள் நல்லம்மாள், திரும்பாமலே.

"ஆமாடி. சந்தோசந்தான்," என்றாள் காளியம்மா. பொய் சொல்ல வரவில்லை. "எம்புட்டு முடி இருக்கு பாரு இதுக்கு. திரும்பிப் பாரேன்."

நல்லம்மாள் கொஞ்ச நேரம் பிடிவாதமாகக் கிடந்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். பார்த்த பிறகு கையை நீட்டினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில், துரை கொடுத்தனுப்பிய பால் டின் இரண்டோடு கிராணி வாசலில் வந்து நின்றார். பிறந்த நாள் நல்ல நாள், மகாராணியின் பெயரையே வைக்கலாம் என்பது துரையின் யோசனை என்றார். விக்டோரியா. சீனி அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். இரண்டு தடவையும் வேறு வேறு விதமாக வந்தது.

"பேர அவகிட்ட கேளுங்க ஐயா," என்று உள்ளேயிருந்து நல்லம்மாள் சொன்னாள். "அவ வேண்டி வாங்குன புள்ள."

காளியம்மா இதை எதிர்பார்க்கவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். கிராணி பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

"நவமணின்னு எழுதுங்க," என்றாள்.

மறுநாள் காலையில் குழந்தையைப் பார்க்க ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்களையெல்லாம் காளியம்மா வாசலிலேயே நிறுத்தி, கேட்டாலும் கேட்காவிட்டாலும், "பொண்ணு, நவமணின்னு பேரு," என்று சொல்லி, ஆளுக்கு ஒரு பிடி சர்க்கரை கொடுத்தாள். ராமையாவுக்கு மட்டும் இரண்டு பிடி.