அலெக்ரோ என்றால் சந்தோஷம்

அத்தானின் இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. டாக்டரைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். அக்காவுக்குக்கூட அவர் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் இசைக்குழுவில் நாற்காலி போய்விடும். முப்பது வருஷமாக வயலினைத் தவிர வேறு பிழைப்பு தெரியாத மனிதர். கடைசி வரிசையில் ஒரே இசைத்தாள் ஸ்டாண்டில் நானும் அவரும். அவர் விடுகிற சுரங்களை நான் அழுத்தி வாசித்து மூடிவிடுவேன். பத்துப் பன்னிரண்டு வயலின் ஒன்றாகப் பாயும்போது யாருக்குத் தெரியப்போகிறது?

புதுக் கண்டக்டர் வந்து எல்லாவற்றையும் கெடுத்தார். பஸ்ஸில் விசில் ஊதுகிறவர் இல்லை, குச்சியை ஆட்டி எங்களை ஆட்டிவைக்கிறவர். ஒத்திகையில் கடைசிப் பகுதியை அவர் விரட்டிய விரட்டில் எனக்கே மூச்சு வாங்கியது. அத்தானின் வில் தந்தியைத் தொடாமலே போய்வந்துகொண்டிருந்தது.

இடைவேளையில் அத்தான் சொன்னார். “கொஞ்சம் நிதானமா எடுத்தா சமாளிச்சுடுவேன் மச்சான்.”

“அவர்கிட்ட எப்படிக் கேப்பீங்க?”

“விரலைப் பத்தி ஏன் பேசணும்? தாள்ல எழுதியிருக்கிறதைப் பேசறேன்.”

இசைத்தாளில் போட்டிருக்கும் இத்தாலியச் சொற்களில் அத்தானை யாரும் அசைக்க முடியாது. அந்தாந்தே என்றால் நடை, லார்கோ என்றால் அகலம் என்று சமையலறையில் அக்காவைப் பாடாய்ப்படுத்துவார். நேரே கண்டக்டரிடம் போய்த் தாளை நீட்டினார்.

“சார், அலெக்ரோன்னு போட்டிருக்கு. எல்லாரும் அதை வேகம்னு எடுத்துக்கறாங்க. அவங்க பாஷையில அதுக்குச் சந்தோஷம்னு அர்த்தம். வேகம்தான் வேணும்னா ப்ரெஸ்தோன்னு எழுதியிருப்பாங்களே. சந்தோஷமா இருக்கிறவன் ஏன் சார் தலைதெறிக்க ஓடணும்?”

திட்டு விழும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்டக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். “நீங்க சொல்றதுதான் சரி” என்றார். அத்தான் புதுமாப்பிள்ளைக் களையோடு வந்து உட்கார்ந்தார்.

நிதானமாக எடுத்தோம். வேகத்தில் கும்பலோடு கும்பலாகப் போன சுரங்கள் இப்போது தனித்தனியாகக் கேட்டன. சுண்டுவிரல் விழவேண்டிய இடத்திலெல்லாம் பக்கத்தில் ஓட்டை. நான் அழுத்த அழுத்த என் சத்தம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. எங்களைக் காப்பாற்றி வந்ததே அந்த வேகம்தான். இரண்டு மடையர்கள், நாங்களே போய் அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறோம்.

கண்டக்டர் குச்சியைத் தாழ்த்தினார். “கடைசி வரிசை மட்டும்.”

வாசித்தோம்.

“நீங்க மட்டும் சார்.”

அத்தான் தனியாக வாசித்தார். மூன்று சுரம், ஒரு வெற்றிடம். மறுபடி மூன்று சுரம், ஒரு வெற்றிடம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“கையில ஏதாவது பிரச்சனையா?”

“ஆமாம் சார். ரொம்ப நாளா.”

வயலினைப் பெட்டியில் வைக்கும்போது என்னிடம் சொன்னார். “உங்கக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்.” நான் பெட்டியைப் பூட்டிக் கொடுத்தேன்.

கச்சேரி அன்று என் பக்கத்தில், அத்தானின் நாற்காலியில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அத்தானும் அக்காவும் சபையில் நான்காம் வரிசையில் இருந்தார்கள். கண்டக்டர் வேகத்தை மாற்றவேயில்லை; அத்தான் கேட்ட அதே நிதானம். அந்தப் பெண் ஒரு சுரத்தைக்கூட விடவில்லை. அத்தான் சொன்ன அர்த்தம்தான் சரி, அந்தப் பகுதி அத்தனை சந்தோஷமாக ஒலித்து நான் கேட்டதேயில்லை.

சபை எழுந்து நின்று கை தட்டியது. அத்தானும் எழுந்து தட்டினார். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை; தட்டுகிற அத்தானின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.