ரீவொர்க்

கிண்ணத்துக்குச் சொட்டை விழுந்திருந்தது. உலையிலிருந்து எடுத்து, புகையில் போட்டு, ஆறவைத்து, தேய்த்துக் கழுவி வெயிலில் தூக்கிப் பார்த்தால், வெள்ளைப் பூச்சுக்கு நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு மண் தெரிந்தது. அதைச் சுற்றிப் பூச்சு சுருண்டு திரண்டு, பால் பாத்திரத்தின் விளிம்பில் காய்ந்து ஒட்டிய ஆடையைப் போல இருந்தது. எனக்குக் குமட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வாயில் எச்சில் ஊறியது. செய்தவளுக்கே இப்படி இருந்தால் வாங்குகிறவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். கிண்ணத்தை மூலையில் இருந்த ஓட்டுக் குவியலில் வீசினேன். அது உடையக்கூட இல்லை.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் என் பட்டறை. மாமனார் டிராக்டர் நிறுத்திய இடம். டிராக்டரும் நிலமும் போன பிறகு அவருக்கு அந்தக் கொட்டகையைப் பார்த்தாலே கை பரபரக்கும். தெருவில் எல்லோரும் பின்பக்கத்தில் வரிசையாக அறை கட்டி, கம்பெனிகளில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். எங்கள் வீடு ஒன்றுதான் பாக்கி. "மண்ணு வச்சினு விளையாடறதுக்கு ஒரு கொட்டாயா?" என்று என் காதில் விழும்படி கோழிகளிடம் கேட்பார். என்னிடம் நேரே கேட்டதில்லை, அவ்வளவு மரியாதை.

நான் போன் கம்பெனியில் லைனில் நின்று கண்ணாடித் திரையில் கீறல் தேடியவள். அந்த வேலையில் இருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பட்டறைக்குப் போய் ராக்கு கற்றுக்கொண்டேன். ஜப்பானில் பிறந்த முறை அது. ஒருமுறை சுட்ட கிண்ணத்துக்குப் பூச்சு பூசி மறுபடி உலையில் வைக்க வேண்டும். பூச்சு உருகித் தேன் மாதிரி மினுங்கும்போதே, செக்கச்செவேலென்று இருக்கும் கிண்ணத்தை நீள இடுக்கியால் வெளியே தூக்க வேண்டும். காற்று பட்டதும் பூச்சில் மட்டும் மெல்லிசான வெடிப்புகள் ஓடும். அப்போது மரத்தூள் டப்பாவில் இறக்கி மூடினால் புகை அந்த வெடிப்புகளுக்குள் நுழைந்து கறுப்புக் கோடாகத் தங்கிவிடும். அந்தக் கோடுகள்தான் எல்லாமே. அவை வராவிட்டால் பாத்திரக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் வெள்ளைக் கிண்ணத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

என் வீட்டுக்காரர் நிலவன் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஜப்பான் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறான். காதலித்துக் கட்டிக்கொண்டவன், அதனால் இந்த 'ன்'. அவனுடைய பிளான்ட் தலைவர் நகானோ சான் ஊருக்குத் திரும்பப் போகிறார், வழியனுப்பு விழாவில் அவருக்கும் அவரோடு கிளம்பும் சிலருக்கும் பரிசு கொடுக்க வேண்டும். நிலவன் என் கிண்ணங்களைப் பற்றிச் சொல்லி ஆர்டர் வாங்கிவந்தான். அதை வைத்தே தன் அப்பாவிடமும் பேசி முடித்தான். பரிசு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் கொட்டகை எனக்கு. கம்பெனி வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால், மறுநாளே செங்கல் இறங்கும்.

அதற்குப் பிறகு உலை என்னை ஆட்டிவைத்தது. முதலில் கிண்ணங்கள் உள்ளேயே வெடித்துச் சிதறின. மண் ரொம்ப வழவழப்பு, திடீர்ச் சூட்டைத் தாங்கவில்லை. சுட்ட செங்கல்லை இடித்துச் சலித்து மண்ணில் பிசைந்தேன், வெடிப்பது நின்றது. உடனே சொட்டை ஆரம்பித்தது. பூச்சின் பதத்தை மாற்றினேன், கனத்தைக் குறைத்தேன், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் ஒரு நாள், பூசுவதற்காக அடுக்கி வைத்திருந்த கிண்ணத்தை முந்தானையால் துடைத்தபோது துணி சாம்பல் நிறமானது. சாலையில் ஓடும் கன்டெய்னர் லாரிகளின் தூசு. எங்கள் ஊரில் சோற்றிலும் அதுதான், நுரையீரலிலும் அதுதான், கிண்ணத்தில் மட்டும் ஏன் இருக்காது. கழுவிக் காயவைத்துத் துணி போட்டு மூடினேன், சொட்டை போனது.

அதன் பிறகும் கோடு வரவில்லை. அவசரப்பட்டு எடுத்தால் பூச்சு உருகாமல் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. தாமதித்தால் கொப்புளம் போட்டது. சரியாக எடுத்தாலும் வெடிப்பு எங்கேயோ ஒன்று இரண்டு ஓடி நின்றுவிட்டது, அதிலும் புகை ஏறாமல் அழுக்குப் பழுப்பு. மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் வேறு. அந்தப் படலத்தின் நாற்றத்தை எப்படிச் சொல்ல. எரிந்த முடியும் மீன் கழுவிய தண்ணீரும் சேர்ந்த மாதிரி. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் தலையணையில் அந்த நாற்றம் இருந்தது. நிலவன் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"இன்னா ஷாரு, இன்னிக்காவது சரியாச்சா?"

"எங்க. அதே கிராக் பிரச்சன தான்."

"இன்னும் தீர்லயா அது?"

"தீர்ல."

பிறகு குளிக்கப் போய்விடுவான். வாரக்கணக்கில் எங்களுக்குள் இதுதான் பேச்சு. ஒரு நாளாவது பின்னால் வந்து, உலை பக்கத்தில் நின்று, இன்னா பிரச்சனை என்று கேட்டதில்லை. புகை ஒத்துக்கொள்ளாது என்பான். பீடி புகைக்கும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க மட்டும் ஒத்துக்கொள்ளும்.

நாற்றத்தின் மூலம் மரத்தூளில் இருந்தது. சரக்கு அடுக்கிக் கம்பெனிகள் கழித்துப்போடும் பலகைத் தட்டுகளை அறுக்கும் இடத்தில் வாங்கியது. மூட்டையை வாசலில் கொட்டிக் கையால் அளைந்தேன். பாதிக்கு மேல் பிளைவுட். பசை போட்டு ஒட்டிய மரம், எரிந்தால் பசைதான் முதலில் எரியும். போதாததற்கு மழையில் நனைந்து அடியில் பூஞ்சை பிடித்து, உள்ளே ஒரு செத்த பல்லி வேறு. இவ்வளவு நாளும் இதற்குள்ளேதான் என் கிண்ணங்களை இறக்கியிருக்கிறேன். வாந்தி எடுத்துவிட்டு வந்து எல்லாவற்றையும் குப்பையில் தள்ளினேன். படப்பையில் கதவு இழைக்கும் ஆசாரியிடம் போய் வேப்ப மரத்தூள் வாங்கிவந்து வெயிலில் பரப்பினேன். வெளியே எடுத்த கிண்ணத்தைக் காற்றில் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்து, பிறகு இறக்கினேன்.

கழுவியபோது கறுப்புப் படலம் தண்ணீரோடு போக, கீழே கோடுகள் எழுந்து வந்தன. வற்றிய ஏரித் தரை மாதிரி, ஒரு இடத்தில் பெரிய கட்டம், இன்னொரு இடத்தில் பொடிப்பொடியாக, விளிம்பில் வந்து நெருங்கி. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததா என்று தெரியவில்லை.

அடுத்தடுத்து எல்லாம் அப்படியே வந்தன. நிலவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகத்தால் ஒரு கோட்டைக் கீறிப் பார்த்தான். முகம் வாடியது. புகை காரணமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எல்லாமே இப்டி தானா?" என்றான்.

"எல்லாமே. ஒண்ணு கூட தப்பல."

அவன் என் தலையைத் தடவினான். "சரி வுடு. நீ கஸ்டப்பட்டது போதும். இனிமே நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தை எனக்கு இனித்தது, என்னைச் சொல்ல வேண்டும்.

விழா கம்பெனி கேன்டீனில், மதியச் சாப்பாட்டுக்கு முன். ஃபினைல் வாசனையும் சாம்பார் வாசனையும் கலந்து அடித்தன. செய்தவள் என்று என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடை ஓரத்து மேசையில் நீல வெல்வெட் பெட்டிகள் திறந்திருந்தன. எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

யாரோ வேறு கிண்ணங்களை வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பால் வெள்ளையாக, ஒரு கோடு இல்லாமல், புதுக் காரின் பானெட் மாதிரி பளபளத்தன. என் முகம் அதில் தெரிந்தது. கையில் எடுத்தேன். விளிம்பில் நான் விட்ட கோணல் அப்படியே விரலில் பட்டது. என்னுடையதுதான். கிண்ணத்திலிருந்து தின்னர் நாறியது.

பக்கத்தில் சீருடையில் நின்ற ஒருவர் சிரித்தார். பெயிண்ட் ஷாப் சுடலை, திருநெல்வேலிக்காரர். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிட வந்திருக்கிறார்.

"நல்லாருக்கா யக்கா? பூரா கிராக்கு. சார் வந்து ரீவொர்க் பண்ணணும்னு சொல்லவும் நாங்கதான் உக்காந்து ஒவ்வொண்ணா பட்டி வச்சி, தேச்சி, பெயிண்ட் அடிச்சி, மேல கிளியர் கோட்டும் குடுத்தோம். உள்ளயும் விடல. நேத்து சாயந்தரம் தான் முடிஞ்சுது. ஒரு கோடு தெரியுதான்னு பாருங்க."

தெரியவில்லை. அவர் வேலையில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு கோட்டிலும் பட்டி திணித்திருந்தார்கள். தொட்ட விரலை முந்தானையில் துடைத்தேன், மறுபடி துடைத்தேன், வழவழப்பு போகவில்லை. என் உடம்பில் யாரோ கையை வைத்த மாதிரி அருவருப்பாக இருந்தது.

நிலவன் ஓடிவந்து என்னைத் தூண் ஓரமாக இழுத்துப் போனான்.

"இன்னா பண்ணி வச்சிகீற?" என்றேன்.

"மெதுவா பேசு. உள்ள வர்ற எந்த பொருளா இருந்தாலும் இன்ஸ்பெக்ஷன் டேபிளுக்குத் தான் வரும். கிராக் இருந்தா என்ஜி. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பணும். என் கையால உன் பொருளுக்கு என்ஜி போட சொல்றியா?"

"அது கிராக் இல்ல நிலவா. அதுக்குத் தான் அத்தினி நாளு செத்தேன்."

"நீ தானே தெனம் சொன்ன, கிராக் பிரச்சன, கிராக் பிரச்சனன்னு."

"வர்லன்னு சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ விழுந்து உடைவதைப் பார்த்தேன், ஆனால் எனக்குப் பாவமாக இல்லை. லைனில் கீறல் தேடி அலுத்துப்போய்த்தான் அந்த வேலையை விட்டேன். வீட்டில் படுக்கையில் பக்கத்தில் படுத்திருந்தவனும் இத்தனை நாளும் என்னிடம் கீறலைத்தான் தேடியிருக்கிறான்.

"சரி, தெரியாம ஆயிடுச்சி," என்றான். "இப்ப இன்னா? எல்லாருக்கும் புட்சிருக்குது. ஓகே ஆயிடுச்சி. கொட்டாய் உன்னுது. அப்பா வாயத் தொறக்க முடியாது. இத்தோட வுட்டுடு ஷாரு. நீ எதனா சொன்னா எனக்கும் அசிங்கம், நாளைக்கே அவரு செங்கல் எறக்கிடுவாரு."

அவன் சொன்னது அத்தனையும் சரி. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு உலை உண்டு, வேப்பத்தூள் உண்டு, இனி எத்தனை கிண்ணம் வேண்டுமானாலும் சுடலாம். போய் உட்கார்ந்தேன். கைதட்டச் சொன்னபோது கைதட்டினேன்.

நகானோ சான் ஒல்லியான மனிதர், கழுத்தில் ரோஜா மாலை அவரைவிடப் பெரியதாக இருந்தது. அவர் நாட்டு முறை, அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு மூலையில் எனக்கு நம்பிக்கை இருந்தது. அவர் பெட்டியிலிருந்து கிண்ணத்தை எடுத்து, விளக்குக்கு நேரே சாய்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "வெரி ஷைனி. வெரி குட் பினிஷ்," என்றார். பிறகு தமிழில், "ரொம்ப நல்லா இருக்கு." கேன்டீன் அதிர்ந்தது. சுடலை நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அங்கே இருந்த ஒவ்வொருவர் மேலும் வெறுப்பு வந்தது, முதலில் என் மேல்.

போட்டோவுக்காக எச்ஆர் பெண் ஃபிளாஸ்க்கைத் திறந்து அவருடைய கிண்ணத்தில் பச்சைத் தேநீரை ஊற்றினாள். கொதிக்கக் கொதிக்க, ஆவி பறக்க. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். முன்வரிசைவரை அந்த வாசனை வந்தது, தேயிலை கொஞ்சமும் தின்னர் நிறையவும். காருக்கு அடிக்கும் பெயிண்ட், நேற்று அடித்தது, கொதிநீரில். அந்த மனிதர் இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்தி, மரியாதையாகத் தலையைத் தாழ்த்தி, உதட்டுக்குக் கொண்டுபோனார்.

நான் எப்படி மேடை ஏறினேன் என்று தெரியவில்லை. என் உள்ளங்கை கிண்ணத்தின் வாயை மூடியிருந்தது. அவருடைய மூக்கு என் விரல்களுக்கு மேலே இருந்தது. ஆவி உள்ளங்கையைச் சுட்டது. போன்களைப் பிடித்த கைகள் அப்படியே உயரத்தில் நின்றன. கீழே நிலவன் தலையை இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டினான், வேண்டாம் என்று.

"மேடம்?" என்றார் நகானோ சான்.

நான் கையை எடுக்கவில்லை. அவர் கிண்ணத்தை இழுக்கவில்லை, விடவும் இல்லை. என் விரல் இடுக்கில் ஆவி ஏறிவந்து அவர் முகத்தில் பட்டது. கண்ணை மூடி அதை மெல்ல உள்ளே இழுத்தார். பிறகு அவருடைய மூக்கு சுருங்கியது.