தொடாமல் எடுத்த மூன்று நிமிடம்

ஸ்டூடியோக்காரரின் கை சும்மா இருக்காது. எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும், இரண்டு விரலால் தாடையை நிமிர்த்துவார், தோளைத் தட்டி இறக்குவார். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த போலீஸ்காரரின் தாடையைக்கூடக் கேட்காமல் தூக்கியவர். இருபத்திரண்டு வருடத் தொழில்.

அவருடைய மூத்த பிள்ளை, பெரியவன், போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போகும்போது ஏழு வயது. அவன் விடும் குறட்டைக்காக வீட்டில் அவனுக்கு 'மோட்டார்' என்று பேர். மனைவியின் தம்பி வந்து தங்கும்போதெல்லாம் விடிந்ததும் கேலியை ஆரம்பித்துவிடுவான். "அக்கா, அந்த மோட்டாரை ஆஃப் பண்ணு, டேங்க் எப்பவோ நிரம்பி வழியுது." எல்லாரும் சிரிப்பார்கள். மோட்டாரும் சிரிக்கும். அவன் வகுப்பில் மேசைமேல் சாய்ந்து தூங்கியதும், அந்த வயதிலும் படுக்கையை நனைத்ததும், இரண்டு வருடமாக ஒரே சட்டை அவனுக்குச் சரியாக இருந்ததும் வேறு வேறு குறைகளாகத்தான் தெரிந்தன. டீச்சர் சோம்பேறி என்றார். மாமன் தூங்குமூஞ்சி என்றான்.

குழந்தை டாக்டர் மட்டும், "தூங்கறப்ப ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க" என்றார். வீடியோ என்றால் ஸ்டூடியோக்காரருக்குச் சொல்லியா தர வேண்டும்? படுக்கைக்குப் புது விரிப்பு போட்டார். பக்கவாட்டில் விளக்கு வைத்தார். துண்டைச் சுருட்டித் தோளுக்கு அடியில் கொடுத்து, முகம் தெரிகிற மாதிரி தாடையை நிமிர்த்தினார். மூன்று நிமிடம் எடுத்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "ராஜா மாதிரி தூங்கறானே, வளர வளர சரியாயிடும்" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்துச் சளி பிடித்தது. பிள்ளை இருமி இருமிக் களைத்துப் போனான். அலமாரியில் இருந்த இருமல் மருந்தில் ஒரு மூடி கொடுத்து, "நல்லாத் தூங்கட்டும்" என்றாள் மனைவி. காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள், விதி என்றார்கள். அவரவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள்.

இப்போது சின்னவளுக்கு ஐந்து வயது. அவளும் வாயைத் திறந்துகொண்டு தூங்கத் தொடங்கியிருந்தாள். குறட்டை கேட்ட முதல் வாரமே பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா, "டான்சில் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குது" என்றார். எடை பார்க்கச் சின்னவளைத் தாய் வெளியே கூட்டிப் போனாள். ஸ்டூடியோக்காரர் தான் எடுத்து வந்திருந்த வீடியோவை நீட்டினார்.

டாக்டரம்மா இரண்டு முறை பார்த்தார்.

"சார், தலையை இப்படி யார் வச்சது?"

"நான்தான் டாக்டர். மூஞ்சி தெரியணுமில்ல?"

"தாடையைத் தூக்கினா அடைச்சிருக்கற வழி திறந்துக்கும். நினைவில்லாம கிடக்கறவங்களுக்கு நாங்க முதல்ல செய்யறதே அதுதான். நீங்க வைத்தியம் பண்ணிட்டுப் படம் எடுத்திருக்கீங்க." சொல்லிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தவர் பேச்சை நிறுத்தினார். சீட்டில் சற்றுமுன் தானே எழுதிய வரியைப் பார்த்தார். அண்ணன், ஏழு வயது, தூக்கத்தில். "பையனுக்கும் எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"இதே மாதிரியா?"

ஸ்டூடியோக்காரர் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா குரலைத் தணித்துக்கொண்டார். "தூக்கப் பரிசோதனைக்கு ரெண்டு மாசம் வரிசை நிக்குது. அவ்வளவு நாள் விட எனக்கு மனசில்லை. உள்ளது உள்ளபடி ஒரு வீடியோ வந்தா, அதை வச்சே ஆபரேஷனுக்கு நாள் வாங்கிடுவேன். தொடாம எடுங்க. பக்கத்துலயே இருங்க. பதினஞ்சு எண்ணியும் மூச்சு வரலைன்னா எழுப்பிடுங்க. இன்னொண்ணு, தூக்கம் வர்ற இருமல் மருந்து மட்டும் குடுத்துடாதீங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு அது ஆகாது."

அன்று வீட்டுக்குப் போனதும் அவர் முதலில் செய்த வேலை, அலமாரியில் இருந்த பாட்டிலைப் பையில் சுற்றித் தெருமுனைத் தொட்டியில் போட்டதுதான். மனைவியிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் மதியம் சின்னவள் விளையாடிய இடத்திலேயே, பாதி தலையணையில் விழுந்து தூங்கிப்போனாள். தாடை நெஞ்சில் குத்தி நின்றது. அவர் ஃபோனைப் பிடித்தார். குறட்டை இழுத்தது, இழுத்தது, அறுந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது; காற்று மட்டும் போகவில்லை. தொண்டைக்குழி உள்ளே வாங்கியது. ஐந்து. ஆறு. அவருடைய இடது கை தானாக நீண்டது. அதை இழுத்து முழங்காலுக்கு அடியில் போட்டு அழுத்திக்கொண்டார்.

மனைவி ஓடி வந்தாள். "என்னங்க, பார்த்துக்கிட்டே இருக்கீங்க! தலையைத் தூக்கி விடுங்க!"

"தொடாதே."

"பைத்தியமா உங்களுக்கு?"

"ஒன்பது... பத்து... தொடாதேம்மா, கும்பிடறேன்."

பதினொன்றில் சின்னவள் உடம்பே தூக்கிப்போட, விக்கல்போல ஒரு மூச்சை வாங்கினாள். மீண்டும் குறட்டை. மூன்று நிமிடத்தில் நான்கு முறை. முடிந்ததும் குழந்தையை வாரி மடியில் போட்டுக்கொண்டு, தாடையைப் பிடித்தபடியே மனைவியிடம் வீடியோ விஷயத்தைச் சொன்னார். பெரியவனுக்குப் போட்ட விரிப்பு, விளக்கு, துண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் குழந்தையை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "அழகா எடுத்தீங்க" என்றாள். அதற்குப் பிறகு நான்கு நாள் அவரோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் ஆபரேஷன் நடந்தது. டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையையும் எடுத்துவிட்டார்கள். சின்னவள் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சிவப்பு விளக்கு மாட்டி வார்டில் படுத்திருந்தாள். வாய் மூடியிருந்தது. அந்தச் சத்தமில்லாத மூச்சு இருவருக்கும் பழக்கமில்லை. ஆளுக்கொரு பக்கம் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

மறுநாள் காலை நர்ஸ் தாளைப் படித்துக் காட்டினாள். "ஆறினது மட்டும் குடுங்க. ரத்தம் வந்தா உடனே கூட்டிட்டு வாங்க. தூக்கம் வர்ற சளி மருந்து, இருமல் மருந்து எதுவும் கூடவே கூடாது. மூச்சு நின்னு போற பிள்ளைங்களுக்கு அது விஷம்."

மனைவி தாளை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது. நர்ஸ் தாளைப் படுக்கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். மனைவி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"பாட்டிலைக் காணோம்னு தேடினேன்" என்றாள். "உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் தாளை எடுத்து நான்காக மடித்தார். மடித்ததைத் திரும்பவும் பிரித்தார்.

சின்னவள் கண்ணைத் திறந்தாள். தொண்டையில் புண், குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "அம்மா, அண்ணனுக்கும் இப்படி வெட்டியிருந்தா வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும் கண்ணு. அப்புறம் ஆறியிருக்கும்."

"அப்ப ஏன் வெட்டலை?"

ஸ்டூடியோக்காரர் வாயெடுத்தார். அதற்குள் மனைவி கட்டிலுக்கு மேலாகக் கை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்குத் தெரியலைடா" என்றாள்.

"ம்" என்று எச்சில் விழுங்கப் பார்த்த சின்னவள், வலி தாங்காமல் முகத்தைச் சுளித்து அழுதாள்.