சோனா பேசிய ரீல்

மெக்சிகோ தேசத்தின் சகல குடிமக்களுக்கும், கலையின்பால் நாட்டமுள்ள உலகோர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆவணப்பட மேதை அம்பாரோ உர்கீசா அவர்களின் வாழ்நாள் சாதனையைப் போற்றும் முகமாக, வரும் சனிக்கிழமை முற்பகல், தலைநகரின் பண்பாட்டு மாளிகையில் பித்தளைப் பலகை ஒன்று திறந்துவைக்கப்படும். திறந்துவைப்பவர் மாளிகையின் இயக்குநர் லிசென்சியாதோ எவரீஸ்தோ பினேதா. பலகையின் வாசகத்தை எழுதியவரும் அவரே. அதில் பெரிய எழுத்தில் இருந்த பெயரும் அவருடையதே.

அந்த நாட்டில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் எல்லோரும் லிசென்சியாதோதான். பட்டம் வாங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை. அதேபோல வயதான பெண் கலைஞர்கள் எல்லோரும் 'மயெஸ்த்ரா', அதாவது ஆசான். அப்படி அழைத்துவிட்டால் வேறொன்றும் தரவேண்டியதில்லை.

அம்பாரோ அழைப்பிதழை அடுப்படியில் நின்றபடியே படித்தாள். பிறகு பினேதாவுக்குப் போன் போட்டாள்.

"லிசென்சியாதோ, பலகையை நீங்க எங்க வேணும்னாலும் மாட்டிக்கோங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். 'லாரி வரும்' முழுசா ஓடணும். போன வருஷம் கிடங்குல கிடைச்ச வெட்டாத பிரதி. சோனா பேசுற ரீல் அதுல இருக்கணும்."

"மயெஸ்த்ரா, உங்க இஷ்டம்தான் எங்க இஷ்டம்" என்றார் பினேதா. அவர் எதையும் காதில் வாங்காதபோதுதான் இவ்வளவு இனிமையாகப் பேசுவார் என்பது அம்பாரோவுக்குத் தெரியாது.

'லாரி வரும்' அவளுடைய முதல் படம். நகரத்தின் கிழக்குக் குன்றுகளில் குழாயே இல்லாத ஒரு பேட்டை. அங்கே தண்ணீர் லாரியின் முன்னால் உட்கார்ந்து மறியல் செய்த பெண்களைப் பற்றியது. திரைப்படப் பள்ளியில் 'பார்வையின் அரசியல்' எல்லாம் படித்துவிட்டுக் கேமராவோடு மலையேறிய அம்பாரோவை, அந்தப் பெண்கள் வாளியும் கையுமாக வழிமறித்தார்கள்.

"எங்களைப் படம் புடிக்க நீ யாரு?" என்று கேட்டாள் அவர்களின் தலைவி சோனா. இடுப்பில் கைக்குழந்தை.

"உங்க போராட்டத்தோட தோழி."

"தோழி நாளைக்கே ஓடிப்போயிடுவா. என் மகளுக்கு ஞானஸ்நானம் வருது. ஞானத்தாயா வந்து நில்லு. அப்ப நீ எனக்கு கொமாத்ரே. அப்புறம் என் மூக்கு ஒழுகறதைக்கூடப் புடிச்சுக்கோ."

பிள்ளையின் தாயும் ஞானத்தாயும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. அங்கே கூடப்பிறந்தவளைக்கூடக் கைவிடலாம், கொமாத்ரேயைக் கைவிட முடியாது. கடவுள் நம்பிக்கை அறவே இல்லாத அம்பாரோ மெழுகுவர்த்தியும் கையுமாகச் சர்ச்சில் நின்றாள். படமும் வளர்ந்தது. நிறுத்திய லாரியின் மேல் ஏறி நின்று சோனா பேசிய பேச்சு ஒரு ரீல் முழுக்க ஓடியது. கேமரா அசையவில்லை. அம்பாரோ அழுதுகொண்டே எடுத்தாள்.

பிறகு ஐரோப்பாவில் ஒரு திரைப்பட விழா நடத்துபவர்கள், படம் ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அம்பாரோ சோனா பேசிய அந்த ரீலை வெட்டி எறிந்தாள். பரிசு வந்தது. பரிசோடு பேட்டைக்கு வந்து, போர்வையைத் திரையாகக் கட்டிப் படம் போட்டுக் காட்டினாள். சோனா கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள். பிறகு நாற்காலியை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அங்கே பெண்பிள்ளைக்குக் கல்யாணம்போலக் கொண்டாடுவது பதினைந்தாம் பிறந்தநாள்; மகளின் அந்த விருந்துக்கு ஊரையே கூப்பிட்டவள் ஞானத்தாயைக் கூப்பிடவில்லை. அதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

அன்றிலிருந்து அம்பாரோ யாரையும் வெட்டியதில்லை. தேனீ வளர்ப்பவர்கள், சுரங்கத்தில் கணவனை இழந்தவர்கள், மருத்துவமனைத் தாதிகள் என்று எங்கே போனாலும் ஞானத்தாயானாள். எல்லோரையும் முழுசாகப் படத்தில் வைத்தாள். படங்கள் நீண்டன. மழுங்கச் சவரம் செய்துகொண்டு படம் பார்க்கப் போனவர்கள் தாடியோடு திரும்பினார்கள் என்று விமர்சகர் ஒருவர் எழுதினார். விழாக்காரர்கள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். கொமாத்ரேக்கள் மட்டும் பண்டிகைக்குப் பண்டிகை கோழி அனுப்பினார்கள்.

அழைப்பிதழை எடுத்துக்கொண்டு அவள் குன்றேறினாள். சோனா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, இயக்குநர் அம்மாவா? வாங்க. என் மூஞ்சி ஐரோப்பாக்காரங்களுக்கு ஒத்துக்காதுன்னு கேள்விப்பட்டேன். இப்ப சரியாயிடுச்சா?"

"அந்த ரீல் கிடைச்சிருக்கு, சோனா. முழுசாப் போடறாங்க. நீ வந்து பாக்கணும்."

"பாப்போம். சனிக்கிழமை லாரி வர்ற நாள்" என்றாள் சோனா, தைலத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆனால் வந்தாள். பேட்டைப் பெண்கள் ஒரு வண்டி நிறைய வந்து, சோளத்தோகையில் பொதிந்து அவித்த தமால் நிறைந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வாளி மூடியிலிருந்து சோளமாவின் ஆவி எழுந்து, முன்வரிசை அத்தர்களையெல்லாம் தோற்கடித்தது.

பினேதா பேசினார். இருட்டைக் கிழித்த கேமரா என்றார். தேசத்தின் தாகம் என்றார். தன் இளமைக்காலக் கவிதைகளைப் பற்றியும் சற்றே குறிப்பிட்டார். அந்தச் சற்றே தனியாக ஒரு பேச்சாக இருந்தது. பிறகு நால்வர் வயலின் வாசித்தார்கள். பிறகு பலகையின் திரையை விலக்கினார். திரை பாதியில் சிக்கிக்கொண்டு 'பினேதா' மட்டும் தெரிந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"அன்பர்களே, விருந்து காத்திருக்கு. அதனால நம்ம மாளிகையே தயாரிச்ச அழகான சுருக்கத்தைப் பாக்கப் போறோம். படத்தோட சாரம் முழுக்க அதுல இருக்கு."

அம்பாரோ எழுந்தாள். "முழுப் படம்னு சொன்னீங்களே?"

"மயெஸ்த்ரா, நிகழ்ச்சி நிரல்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

"உங்க பேச்சை வெட்டியிருக்கலாமே!"

அரங்கு சிரித்தது, பினேதாவும் பெருந்தன்மையாகச் சிரித்து, ஆபரேட்டருக்குக் கைகாட்டினார். அம்பாரோ பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. இரண்டாவது தடவையும் அதே ரீல், அதே பெண்ணின் கண்ணெதிரே.

பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. பேட்டைப் பெண்கள் எழுந்து போய், அரங்கிலிருந்து விருந்துக்குப் போகும் ஒரே வாசலில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். நடுவில் சோனா, காலை நீட்டிக்கொண்டு.

"அம்மா, வழிவிடுங்க" என்றார் பினேதா. "நேரமில்ல."

"அந்த லாரிக்காரனும் இதேதான் சொன்னான்."

"சாப்பாடு ஆறிப்போகும்மா."

"இந்தாங்க, சுடச்சுட இருக்கு" என்று ஒரு தமாலை அவர் கையில் திணித்தாள் சோனா. "பச்சை மிளகா போட்டது. உக்காந்து தின்னுங்க, தம்பி. படம் முடியட்டும்."

லிசென்சியாதோ எவரீஸ்தோ பினேதா, விலையுயர்ந்த சூட்டில் மக்காச்சோளத் தோகையைப் பிரித்தபடி முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆபரேட்டர் வெட்டாத பிரதியை மாட்ட, முழுப் படம் ஓடியது.

இளம் சோனா லாரிமேல் ஏறினாள். கையை ஓங்கினாள். அரங்கு கைதட்டியது. அவள் தண்ணீரைப் பற்றிப் பேசினாள். நகராட்சியைப் பற்றிப் பேசினாள். பிறகு மாமியாரைப் பற்றிப் பேசினாள். மாமியாரின் தங்கையைப் பற்றி. பேட்டைத் திருவிழாவில் காணாமல்போன ஒரு வான்கோழியைப் பற்றி, விரிவாக. யாரோ இருமினார்கள். பினேதா இரண்டாவது தமால் கேட்டார். அம்பாரோ திரையைப் பார்க்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த கிழவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவே இல்லை.

விளக்கு எரிந்தது. அம்பாரோ வாசலுக்குப் போய்ச் சோனாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீளம், கொமாத்ரே" என்றாள் சோனா.

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம்! அம்பாரோவுக்கு மற்றது காதில் விழவில்லை. "என்னது?"

"ரொம்ப நீளம்டி. வான்கோழி எதுக்கு? நானா இருந்தா நானும் வெட்டித்தான் இருப்பேன்."

யாரையும் வெட்டாத அவள் படங்களெல்லாம், தேனீக்காரர்கள் முதல் தாதிகள் வரை, அம்பாரோவின் கண்முன்னே நீள நீளமாக ஓடின.

"பின்ன எதுக்குடி இத்தனை வருஷம் பேசாம இருந்தே?"

"வெட்டினதுக்கா? போடி இவளே. கேக்காம வெட்டினதுக்கு." சோனா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "சரி, கெளம்பு. மத்தியானம் லாரி வரும். வாளி தூக்க ஆள் பத்தல."

பலகைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளப் பினேதா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அம்பாரோ, விழாவில் தனக்குப் போர்த்திய சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பெண்களோடு வண்டியேறிப் போய், சோனாவின் வாசலில் காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

லாரி வரவில்லை.